பத்து எண்ணுவதற்குள்: ஆட்டிசம் உள்ள பிள்ளையும் பல் டாக்டரும்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரிய வேண்டும். மகனுக்கு 9 வயது. ஆட்டிசம். பேச்சு ஒன்றிரண்டு சொற்கள்தான், ஆனால் நாம் சொல்வது புரிகிறது. இரண்டு வருடம் முன்பு ஒரு கிளினிக்கில் நாலு பேர் கைகாலைப் பிடித்துக்கொண்டு பல்லைப் பிடுங்கினார்கள். அதிலிருந்து வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே அலறல். வீட்டில் பிரஷ்கூட வாய்க்குள் போவதில்லை. இப்போது கீழ்க் கடைவாய்ப் பல்லில் கறுப்பாக ஏதோ தெரிகிறது. மறுபடி பிடித்து அழுத்தாமல் அவனுக்கு வைத்தியம் பார்க்க முடியுமா?

முடியும். ஆனால் சில மாதம் பிடிக்கும். நான் பல் மருத்துவன், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளையும் பெரியவர்களையும் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் இது அவசரமா என்று பார்க்க வேண்டும். கன்னம் வீங்கியிருந்தால், காய்ச்சல் இருந்தால், ஈறில் கொப்புளம் மாதிரி எழும்பிச் சீழ் வந்தால், ராத்திரி தூக்கத்தில் எழுந்து அழுதால், கீழே எழுதியிருக்கும் பொறுமையான வழியெல்லாம் அப்புறம். உடனே டாக்டரிடம் போய்விடுங்கள். சிக்கல் என்னவென்றால், 'வலிக்குது' என்று இவன் வந்து சொல்ல மாட்டான். நன்றாகப் பேசுகிற பிள்ளைகளே வலி எங்கே என்று காட்டத் தடுமாறுவார்கள். அதனால் வேறு இடங்களில் தேடுங்கள்: ஒரு பக்கக் கன்னத்தையே தட்டிக்கொள்வது, சட்டைக் காலரையோ கையையோ புதிதாகக் கடிக்கத் தொடங்கியிருப்பது, குளிர்ந்த தண்ணீரைத் தள்ளிவிடுவது, ஒரே பக்கமாக மெல்லுவது, பிடித்த சாப்பாட்டையே வேண்டாம் என்பது, எங்கிருந்து வந்தது என்று தெரியாத கோபம். 'ஆட்டிசம்னா இப்படித்தான்' என்று இதையெல்லாம் ஒதுக்கிவிடுவது வீட்டிலும் நடக்கிறது, டாக்டர்களிடமும் நடக்கிறது. புதிதாக ஒரு பழக்கம் வந்தால் நான் முதலில் வாயைப் பார்ப்பேன், அப்புறம் காதைப் பார்க்கச் சொல்வேன்.

அவசரம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த நாற்காலியில் என்ன நடக்கிறது என்று அவன் பக்கத்திலிருந்து பாருங்கள். உட்கார்ந்த இடம் திடீரென்று பின்னால் சாய்கிறது. கண்ணுக்கு நேரே விளக்கு. அரை அடி தூரத்தில் மாஸ்க் போட்ட ஒரு முகம், கண் மட்டும் தெரிகிறது. ரப்பர் வாசனை அடிக்கும் விரல் உதட்டை இழுக்கிறது. ட்ரில் நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அந்தக் கீச்சொலி காது வழியாக மட்டும் வருவதில்லை, தாடை எலும்பு வழியாக மண்டைக்குள்ளேயே கேட்கும். காதைப் பொத்தினாலும் முழுக்கப் போகாது. தொண்டைப் பக்கம் தண்ணீர் தேங்குகிறது, அதை உறிஞ்சும் குழாய் தனியாக இரைகிறது. பேஸ்ட்டில் இருக்கும் புதினா நமக்குக் குளிர்ச்சி, சிலருக்கு அது நெருப்பு. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013-ல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேட்டில்தான் இந்தப் புலன் வேறுபாடு ஆட்டிசத்தைக் கண்டறியும் அடையாளங்களில் ஒன்றாக இடம்பெற்றது. அதற்கு முன்னாலும் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டுதான் இருந்தார்கள்.

வெளிச்சம், சத்தம் இரண்டையும் குறைக்க வழி இருக்கிறது, வருகிறேன். ஆனால் நான் பார்த்தவரை அவர்களை அதைவிட அதிகமாகக் கலைப்பது, இது எப்போது முடியும் என்று தெரியாமல் இருப்பது.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பையன் வந்தான், பத்து வயது இருக்கும். நன்றாகவே வாயைத் திறந்தான். "ஒரு நிமிஷம் கண்ணா, அவ்வளவுதான்" என்றேன். அவன் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. எனக்கு அது உறைக்கவில்லை. விநாடி முள் ஒரு சுற்று முடித்தது. என் கையைப் பல் பார்க்கும் கண்ணாடியோடு சேர்த்துத் தள்ளிவிட்டு எழுந்தான், செருப்பை மாட்டினான், கதவுக்குப் போய் நின்றுகொண்டான். அவன் அம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்க வேண்டியவன் நான். ஒரு நிமிடம் என்றால் அறுபது விநாடி என்று அவன் நம்பியிருந்தான். எனக்கோ அது சும்மா ஒரு பேச்சு. அடுத்த இரண்டு முறை அவன் வாயையே திறக்கவில்லை.

நம் பேச்சில் இப்படி எத்தனையோ இருக்கிறது. 'பல்லில் பூச்சி' என்போம். அதைக் கேட்ட ஒரு சிறுமி, பூச்சி வெளியே வரட்டும் என்று ராத்திரி வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தாளாம். ஊசி போடும்போது 'எறும்பு கடிக்கிற மாதிரி' என்போம். காலைத் தூக்கிக்கொண்டு தரையில் எறும்பைத் தேடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். 'பல்லைத் தூங்க வைக்கிறேன்' என்பதும் வேண்டாம். "உதடு தடித்துப்போன மாதிரி இருக்கும். இரண்டு மூன்று மணி நேரத்தில் போய்விடும்." இவ்வளவு போதும். 'வலிக்கவே வலிக்காது' என்று மட்டும் சத்தியம் செய்து அழைத்து வராதீர்கள். ஒருமுறை பொய்த்தால் அடுத்த தடவை உங்களையும் நம்ப மாட்டான், என்னையும் நம்ப மாட்டான்.

ஆகவே நான் நிமிடக் கணக்கை விட்டுவிட்டு எண்ணத் தொடங்கினேன். பத்து வரை எண்ணுவேன், பத்தில் கையை எடுத்துவிடுவேன். பல் பாதி சுத்தமாகியிருந்தாலும் சரி, இன்னும் ஒரே ஒரு இடம்தான் பாக்கி என்றாலும் சரி, எடுத்துவிடுவேன். பிறகு இடைவெளி, மறுபடி பத்து. இது என் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. டேவிட் டெசினி என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காகவே அமைத்த பயிற்சி முறையிலும் இதே எண்ணிக்கைதான் அச்சாணி. சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் எண்ணி முடித்து, திரும்பத் திரும்பப் பழக்குவது. இதில் கெடுக்கிறவர்கள் நாம்தான். எட்டு, ஒன்பது, ஒன்பதரை, ஒன்பதே முக்கால் என்று இழுப்போம். இழுக்காதீர்கள்.

இந்த எண்ணிக்கையை வீட்டில் நீங்கள்தான் தொடங்க வேண்டும், அதுவும் பிரஷ்ஷில். அவனுக்கு வாய்க்குள் எதுவும் போகக் கூடாது என்றால் உதட்டுக்கு வெளியே தொடங்குங்கள். காய்ந்த பிரஷ், பேஸ்ட் இல்லாமல், கன்னத்தில் வைத்து மூன்று எண்ணி எடுத்துவிடுங்கள். அவன் சும்மா இருந்தாலும், இன்னும் தாங்குவான் போலத் தெரிந்தாலும், மூன்றோடு நிறுத்துங்கள். அந்த இடத்தில் நிறுத்துவதுதான் பாடம். மூன்று என்றால் மூன்றுதான் என்று அவனுக்கு ஊர்ஜிதமான பிறகு உதடு, அப்புறம் முன் பல், அப்புறம் ஐந்து வரை. ஒரு படியில் ஒரு வாரம் தங்கினாலும் பரவாயில்லை. இடையில் காய்ச்சல், பள்ளி மாற்றம் என்று ஏதாவது வந்தால் ஒரு படி கீழே இறங்கிக்கொள்ளுங்கள். தினமும் ஒரே நேரம், ஒரே இடம் என்று வைத்தால் பாதி வேலை தானாக நடக்கும்.

இது ஓடிக்கொண்டிருக்கும்போதே சோபாவில் மல்லாந்து படுத்து, தலையை உங்கள் மடியில் வைத்துப் பத்து எண்ணுவதையும் பழக்குங்கள். கையுறை போட்ட விரலால் கன்னத்தைத் தொடுங்கள். சின்ன டார்ச்சால் உங்கள் வாயை அவன் பார்க்கட்டும், பிறகு அவன் வாயை நீங்கள் பாருங்கள். பேட்டரி பிரஷ் ஒன்றை முதலில் கையில் கொடுங்கள், பிறகு முழங்கையில், தோளில், தாடையில்; அதிர்வு பழகினால் கிளினிக்கில் பாதிப் பயம் தீரும். கிளினிக் சத்தங்களைப் பதிவு செய்து மெதுவாக வைத்துக் காட்டலாம், அவனுக்குப் பிடித்த வேலையில் இருக்கும்போது, ஒலியைக் குறைத்து.

நாங்கள் கல்லூரியில் படிக்கிற பாடம் 'சொல், காட்டு, செய்' என்பது. ஆடெல்ஸ்டன் என்பவர் 1959-ல் எழுதியது, இன்றும் குழந்தைப் பல் மருத்துவத்தின் அடிப்படை. உங்கள் மகன் மாதிரிப் பிள்ளைகளுக்கு அதில் 'சொல்' என்பதுதான் ரொம்பப் பலவீனமான பகுதி. காட்டுவதைப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். போகப்போகும் கிளினிக்கையே படம் எடுங்கள்: வெளிக் கதவு, உட்காரும் இடம், நாற்காலி, டாக்டர் மாஸ்க் இல்லாமல், அதே டாக்டர் மாஸ்க்கோடு, கண்ணாடி, விளக்கு. எட்டுப் பத்துப் படம் போதும், ஒவ்வொன்றின் கீழும் ஒரே ஒரு வரி. 1990-களின் தொடக்கத்தில் கேரல் கிரே என்ற ஆசிரியை வகுத்த சமூகக் கதை முறையின் எளிய வடிவம் இது. பல வீடுகளில் செய்து கொண்டுவரும் தொகுப்பில் ஒரு படம் விட்டுப்போகிறது. திரும்பி வரும் படம். கடைசிப் படம் உங்கள் வீட்டு வாசலாக இருக்கட்டும்.

அடுத்தது கிளினிக்கைத் தேர்ந்தெடுப்பது. பழைய இடம் வேண்டாம், அந்தத் தெருவே வேண்டாம். புது இடத்துக்குப் போன் செய்து, "முதல் நாள் அவன் நாற்காலியில் உட்காராமலே திரும்பினால் பரவாயில்லையா?" என்று கேளுங்கள். பதிலைவிட பதில் வர எடுக்கும் நேரத்தைக் கவனியுங்கள். 'அதனால் என்ன, கூட்டிட்டு வாங்க' என்று சட்டென்று சொன்னால் நல்ல அறிகுறி. 'வாங்க, பார்த்துக்கலாம், எங்க ஆளுங்க பிடிச்சுக்குவாங்க' என்றால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். அன்றைய முதல் நேரத்தைக் கேளுங்கள். அதற்கு முன்னால் யாரும் இல்லாததால் தாமதம் ஆகாது, பக்கத்து அறையில் வேறு பிள்ளை அழும் சத்தமும் இருக்காது. உங்கள் முறை வரும்வரை வெளியே நடந்துகொண்டிருக்கலாம், வந்ததும் போனில் கூப்பிடச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் அதே டாக்டர், அதே அறை வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். வெள்ளைக் கோட்டுதான் பிரச்சினை என்றால் அதைக் கழற்றி வைப்பதில் எந்த டாக்டருக்கும் நஷ்டம் இல்லை.

முதல் நாள் வாசல்வரை போய்த் திரும்பினால்கூட அது கணக்கில் சேரும். இரண்டாம் நாள் நாற்காலியைத் தொட்டுப் பார்க்கலாம், மேலே கீழே ஏற்றி இறக்கும் பொத்தானை அவனே அழுத்தலாம். நாற்காலியை முன்கூட்டியே சாய்த்து வைத்துவிட்டு அதில் ஏறிப் படுக்கச் சொல்வது நல்லது. உட்கார்ந்த பின் சாய்வதுதான் பலருக்குக் குலை நடுங்கும் விஷயம்.

சுற்றுப்புறத்தை மாற்றுவது உண்மையிலேயே பலன் தருகிறதா என்று சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் குழந்தைகள் மருத்துவமனையில் நடந்த ஆய்வு ஒன்று 2023-ல் வெளிவந்தது. 6 முதல் 12 வயதுவரை, ஆட்டிசம் உள்ள பிள்ளைகள். ஒரே பிள்ளைக்கு ஒருமுறை வழக்கமான முறையில் பல் சுத்தம், இன்னொருமுறை மாற்றிய அறையில். மாற்றம் என்றால் விளக்குகளைக் குறைத்தார்கள், மேற்கூரையில் மெதுவாக நகரும் காட்சியைப் போட்டார்கள், மெல்லிய இசை வைத்தார்கள், உடம்பை அணைத்தாற்போல் அழுத்தும் ஒரு போர்வையைச் சுற்றினார்கள். பதற்றத்தைப் பெற்றோரைக் கேட்டு மட்டும் கணக்கிடவில்லை, தோலின் மின் மாற்றத்தை அளந்தார்கள். மாற்றிய அறையில் பதற்றம் குறைந்தது. இதில் எதுவும் சாதாரண கிளினிக்கில் செய்ய முடியாதது கிடையாது.

நீங்கள் கேட்டு வாங்கக்கூடியவை இன்னும் சில. மேல் விளக்குக்குப் பதில் டாக்டர் தலையில் மாட்டும் விளக்கு, கூடவே அவனுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி. அவன் பழகிய ஹெட்ஃபோன். பல் சுத்தம் செய்ய அதிரும் கருவிக்குப் பதில் கைக் கருவி. நேரம் கூடுதலாகும், சத்தம் போய்விடும். சுவை இல்லாத பேஸ்ட். எக்ஸ்ரேவுக்குப் போடும் கனமான ஈயக் கவசம் பற்றி ஒரு வேடிக்கை உண்டு. கதிரியக்கப் பாதுகாப்புக்கு அது தேவையில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024-ல் சொல்லிவிட்டது. ஆனால் அந்தக் கனம் பல பிள்ளைகளுக்குப் பிடிக்கும். எக்ஸ்ரே முடிந்தும் கழற்ற மறுக்கிறவர்கள் உண்டு. அதனால் நான் என் கவசத்தைத் தூக்கி எறியவில்லை. அழுத்தத்தை அவனே கேட்டு வாங்கினால் அது ஆறுதல், மறுக்கும்போது சுமத்தினால் உங்கள் மகனுக்கு நடந்தது மாதிரிதான். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் ஒரு நொடி பிடிக்க வேண்டி வரலாம், மறுக்கவில்லை. பல் சுத்தம் செய்வதற்காகப் பிடித்து அழுத்துவது தவறு என்பது என் திடமான கருத்து.

அப்புறம், அறையில் ஒருவர் மட்டும் பேச வேண்டும். அம்மா "ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல" என்பார், அப்பா "ஆ காட்டு" என்பார், நர்ஸ் "குட் பாய்" என்பார், நான் ஒன்று சொல்வேன். எல்லாம் அன்புதான், அவனுக்கு அது நாலு ரேடியோ ஒரே நேரத்தில் பாடுகிற மாதிரி. யார் பேசுவது என்று உள்ளே நுழையும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். நிறுத்தச் சொல்லும் உரிமை அவனிடம் இருக்க வேண்டும்: கையைத் தூக்குவதோ, சிவப்பு அட்டையைக் காட்டுவதோ. முதல் தடவை அவன் சும்மா சோதித்துப் பார்ப்பான். அப்போதும் நிறுத்த வேண்டும்.

கறுப்புப் புள்ளிக்கு வருவோம். 9 வயதில் கடைவாயில் பால் பல்லும் இருக்கும், 6 வயது வாக்கில் முளைத்த நிரந்தரப் பல்லும் இருக்கும். எது என்று முதலில் தெரிய வேண்டும். பால் பல் என்றால், சில வருடத்தில் விழுந்துவிடும் என்பதால் தேர்வுகள் அதிகம். எல்லாச் சொத்தைக்கும் ட்ரில் தேவை இல்லை. 38% சில்வர் டயமைன் ஃபுளூரைடு என்று ஒரு திரவம் உண்டு, சொத்தை மேல் சின்ன பிரஷ்ஷால் தடவிக் காய விட்டால் போதும். பல சொத்தைகளை அது அப்படியே நிறுத்திக் கெட்டியாக்கிவிடும். ஊசி இல்லை, சத்தம் இல்லை, ஒன்றிரண்டு பத்து எண்ணிக்கையில் முடிந்துவிடும். குறை, தடவிய சொத்தை நிரந்தரமாகக் கறுத்துவிடும். சிறிது உலோகச் சுவையும் இருக்கும். கடைவாய்ப் பல்லில் கறுப்பை யார் பார்க்கப் போகிறார்கள்? பால் கடைவாய்ப் பல்லுக்கு ஹால் முறை என்று இன்னொன்று: குடையாமல், ஊசி போடாமல், சொத்தையை உள்ளேயே அடைத்து மேலே உலோக மூடி போட்டுவிடுவது. சொத்தை நரம்புவரை போயிருந்தால் இவை இரண்டும் ஒத்து வராது.

சிரிப்பு வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடு சிலருக்கு நன்றாக உதவும், ஆனால் மூக்கில் மாஸ்க் வைத்து மூக்கால் மூச்சு விடத் தெரிய வேண்டும். மாஸ்க்கை முன்கூட்டியே வாங்கி வந்து வீட்டில் பழக்கலாம். வேலை நிறைய இருந்து, வலியும் இருந்தால், முழு மயக்கத்தில் மருத்துவமனையில் செய்துகொள்வதைத் தோல்வியாக நினைக்காதீர்கள். எல்லாப் பல்லையும் ஒரே தடவையில் பார்த்துவிடலாம், எடுக்கவே முடியாமல் இருந்த ரத்தப் பரிசோதனையையும் அதே மயக்கத்தில் எடுக்க முடியுமா என்று கேட்கலாம். பொதுவாக 6 மணி நேரம் சாப்பிடாமலும் 2 மணி நேரம் தண்ணீர் குடிக்காமலும் இருக்கச் சொல்வார்கள், மயக்க மருத்துவர் சொல்வதுதான் கணக்கு. காலைச் சாப்பாடு நேரம் தவறினால் உலகமே கவிழ்ந்துவிடும் பிள்ளைக்கு இதையும் படம் போட்டுக் காட்டித் தயார் செய்ய வேண்டும்.

மரத்துப்போகும் ஊசி போட்ட நாளில் வீட்டுக்குப் போன பிறகுதான் உண்மையான ஆபத்து. உதடு இல்லாமல் போன மாதிரி இருப்பதால் கடித்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், சாயங்காலம் உதடு புண்ணாகி வீங்கியிருக்கும். உணர்வு திரும்பும்வரை கண்ணை எடுக்காதீர்கள், மெல்லுகிற எதையும் கொடுக்காதீர்கள்.

பேஸ்ட் பற்றி ஒரு வார்த்தை. நுரை வராத, சுவை இல்லாத பேஸ்ட் கிடைக்கிறது. ஃபுளூரைடு 1000 பிபிஎம்முக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். துப்பத் தெரியாவிட்டால் பட்டாணி அளவுக்கு மேல் வேண்டாம். மூன்று பக்கமும் ஒரே இழுப்பில் தேய்க்கும் பிரஷ் ஒன்று உண்டு, பத்து எண்ணிக்கைக்குள் அதில் நிறைய வேலை நடக்கும். பேச்சுப் பயிற்சி, நடத்தைப் பயிற்சி என்று ஏதாவது வகுப்புக்கு அவன் போனால், அங்கே பரிசாக ஒட்டும் மிட்டாய் கொடுக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். நாள் முழுக்க ஒவ்வொன்றாக வாயில் கரைவதைவிட சொத்தைக்கு வசதியான வழி வேறில்லை. மருந்துகளில் சர்க்கரைப் பாகு இருந்தால் மாற்று இருக்கிறதா என்று அந்த டாக்டரிடமே கேளுங்கள்.

ஆட்டிசம் உள்ள பெரியவர்களும் இதைப் படிக்கக்கூடும். நீங்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தால் உங்களுக்கு ஒன்றுமில்லை என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம். வீட்டுக்குப் போய் இரண்டு நாள் எழ முடியாமல் கிடந்தது எங்களுக்குத் தெரியாது. போனில் பேசப் பிடிக்காவிட்டால் எழுதி அனுப்புங்கள். ஒவ்வொரு அசைவையும் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டுமா, வாயைத் திறக்காமல் செய்ய வேண்டுமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டுமே கேட்கத் தகுந்தவை.

உங்கள் மகனுக்கும் இப்படி ஒரு தாள் வேண்டும், ஒரே பக்கம், போகும் முன்பே டாக்டர் கையில் சேரும்படி. பிடித்தது, பிடிக்காதது, பயந்தால் என்ன செய்வான், எதைக் கொடுத்தால் அடங்குவான், 'வேண்டாம்' என்பதை எப்படிக் காட்டுவான், சாப்பிடும் மருந்துகள், வலிப்பு உண்டா. இரண்டு வருடம் முன்பு நடந்ததையும் மறைக்காமல் எழுதுங்கள். கடைசி வரியில் அவன் எத்தனை எண்ணும்வரை தாங்குவான் என்று போடுங்கள். இன்றைக்கு அது மூன்று என்றால் மூன்று என்றே போடுங்கள்.